யாரும் தேடி வராத நாற்காலி

அலுவலகத்தில் அவளுக்குத் தராசு என்று பெயர். நேரில் பார்த்தால் மேடம், முதுகு திரும்பினால் தராசு. அவள் காதிலும் விழுந்திருக்கிறது. கோபம் வரவில்லை. உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

அரசு வேலைகளில் எது எந்த நிலை, அந்த நிலைக்கு என்ன சம்பளம் என்று முடிவு செய்கிற பிரிவு அவளுடையது. "நான் ஆளை எடை போடறதில்ல, நாற்காலியைத்தான்" என்பாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டால், சிலர் மலையைத் தூக்குவதாகச் சொல்வார்கள். சிலர் கூச்சத்தில் வாயே திறக்க மாட்டார்கள். இரண்டையும் நம்ப முடியாது. அதனால் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்த ஆள் விடுப்பில் போகும்வரை காத்திருப்பாள். பிறகு அவருடைய காலி நாற்காலிக்கு எதிரே ஒரு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். யார் தேடி வருகிறார்கள், எது அப்படியே நின்றுபோகிறது என்று பேசாமல் பார்ப்பாள். எவ்வளவு தேடுகிறார்களோ அவ்வளவு எடை. வாய் பொய் சொல்லும், நாற்காலி சொல்லாது என்பது அவள் எண்ணம். அதையே கையேடாக எழுதிக் கொடுத்தாள். எல்லாத் துறைகளும் அதை ஏற்றுக்கொண்டன.

இப்போது அவள் நாற்காலிக்கே முறை வந்திருந்தது. அந்தப் பதவியை ஒரு நிலை இறக்கலாம் என்று நிதித்துறை எழுதியிருந்தது. இறக்கிவிட்டால் அவள் பரிந்துரைதான் செய்யலாம்; கையெழுத்து நிதித்துறைக்குப் போய்விடும். சம்பளம் குறைவதைவிட அதுதான் அவளை உறுத்தியது.

ஆய்வுக்கு வந்த நிதித்துறை அதிகாரி சாதுவான மனிதர், எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

"உங்க முறையிலயே பார்த்துடலாம் மேடம். ஒரு வாரம் லீவு போடுங்க."

"தாராளமா. ரெண்டாம் நாளே நீங்களே போன் பண்ணிக் கூப்பிடுவீங்க, பாருங்க" என்று சிரித்தாள்.

முதல் நாள் கைப்பேசியைச் சாப்பாட்டு மேசையில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு அலமாரிகளைத் துடைத்தாள். அது வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்குக் கீழேயே கணவனின் மூக்குக்கண்ணாடிக் கடை. மதியம் மேலே வந்தவன் கைப்பேசியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சார்ஜ் இருக்கா?"

"இருக்கு."

"சிக்னல்?"

"என்னங்க, சாப்பிட வந்தீங்களா, வம்புக்கு வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான். நாற்காலி கூப்பிடலையேன்னு கேட்டேன்."

இரண்டாம் நாளும் அப்படியே போனது. பொறுக்க முடியாமல் சாயங்காலம் அவளே தன் உதவியாளரை அழைத்தாள். "எல்லாம் அதுபாட்டுக்கு நல்லாப் போகுது மேடம். நீங்க நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்றாள் அந்தப் பெண், பாசத்தோடு. அந்தப் பாசம் கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அன்றைக்கு அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் போட்ட கோட்டுக்குள் தானே நிற்பது இப்படித்தான் இருக்கும் போலும். அளவு சரியென்றால் முடிவும் சரி. அழுது என்ன ஆகப்போகிறது?

மறுநாள் மாலை வீட்டுக்குள் இருக்கப் பிடிக்காமல் கடைக்கு இறங்கினாள். கண்ணாடி அறுக்கும் மிஷினைப் பழுது பார்க்க ஆள் வருவதால் அடுத்த நாளிலிருந்து கடைக்கு இரண்டு நாள் விடுமுறை. கணவன் ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருந்தான். "சார், கண்ணாடி ரெடி. இன்னைக்கே வந்து வாங்கிக்குங்க, நாளைக்குக் கடை இருக்காது." "அம்மா, பிரேம் மாத்தியாச்சு, பையனை அனுப்புங்க."

"மூடிக் கிடந்தா வந்து கதவைத் தட்ட மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

"எதுக்குத் தட்டணும்? அதான் இன்னைக்கே குடுத்துடறேனே. தட்ட விட்டா நான் என்ன கடைக்காரன்?"

பெயர் எழுதி வரிசையாக வைக்கப்பட்டிருந்த கண்ணாடி உறைகளையே அவள் பார்த்தாள். இந்தப் பார்வையோடு பல வருஷமாகக் குடித்தனம் நடத்துபவன் அவன். துணியை எடுத்து, துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைக்க ஆரம்பித்தான்.

விடுப்புக்கு முந்தைய வாரம் அவள் நினைவில் ஓடியது. நின்றுபோகக்கூடிய கோப்புகளை எல்லாம் முடித்திருந்தாள். எந்தத் துறை எதற்காக வரும், வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று உதவியாளருக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். பின்னே யார் தேடுவார்கள்?

அடுத்ததாக அரசு அச்சகத்தின் காகிதக் கிடங்குக் காப்பாளர் நினைவுக்கு வந்தார். போன மாதம் அவருடைய காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. நிலையை இறக்கிக் கையெழுத்துப் போட்டாள். அலமாரியில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகக் கட்டுகள் தயாராக இருந்தன. சுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இதைச் சொன்னால் அவள் பதவி தப்பும். ஆனால் கையேடு விழும். அவள் கையெழுத்திட்ட முடிவுகளும் ஆட்டம் காணும். சொல்லாவிட்டால் கையேடும் பெயரும் நிற்கும், கையெழுத்து மட்டும் போகும்.

"என்ன, தராசு ஆடுதா?" என்றான் கணவன்.

"இல்லங்க. நின்னுடுச்சு. காலையில ஆபீஸ் போறேன்."

மறுநாள் அவளுடைய நாற்காலிக்கு எதிர் மூலையில் நிதித்துறை அதிகாரி செய்தித்தாளை மடியில் போட்டுக்கொண்டு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"நீங்க வந்தா சோதனை கெட்டுடுமே மேடம்!"

"கெட்டதுதான் சார். யாராவது வந்தாங்களா?"

"ஈ காக்கா வரலை. தப்பா நினைச்சுக்காதீங்க, உங்க கையேட்டுல உள்ளபடிதான் பார்த்தேன்."

"கையேட்டுலதான் ஓட்டை. லீவுக்கு முன்னாடி வேலையை அரைகுறையா விட்டுட்டுப் போறவனைத்தான் எல்லாரும் தேடுவாங்க. ஒழுங்கா முடிச்சு வச்சிட்டுப் போறவனை யாரு தேடுவா? நான் எடையைப் பார்க்கலை சார், சத்தத்தைப் பார்த்திருக்கேன்."

அவர் மூக்கைத் தடவினார். "உங்க பதவியைக் காப்பாத்திக்க இப்படிச் சொல்றீங்கன்னு பேசுவாங்களே?"

"பேசட்டும். அதனால என் நாற்காலியைக் கடைசியில வைங்க. யாரும் தேடி வரலைன்னு நான் இறக்கின வேலைகளை முதல்ல திருப்பி எடுங்க. லீவுக்கு முந்தின வாரத்தையும் சேர்த்துப் பார்க்கணும்."

"அதுவரைக்கும் கையெழுத்து?"

அந்தக் கேள்வி எப்படியும் வரும் என்று அவளுக்குத் தெரியும். மேசை மேலிருந்த தன் பேனாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள். பக்கத்து அறையில் யாரோ காகிதத்தைக் கிழிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்க போடுங்க. நான் பார்க்கறேன், நீங்க போடுங்க."

அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "எங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்?"

காகிதக் கிடங்கு அச்சகத்தின் பின்கட்டில் இருந்தது. மிஷின்களின் அதிர்வு அங்கே தரையில்கூடத் தெரிந்தது. காப்பாளர் கட்டுகளுக்கு நடுவிலிருந்து தலையை நிமிர்த்தி இருவரையும் பார்த்தார்.

"வாங்க மேடம். இன்னும் இறங்கறதுக்கு என்ன இருக்கு? இதுக்குக் கீழ தரைதான்."

நிதித்துறை அதிகாரி சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

"நான் பார்த்தது போதாது. நீங்க லீவுல இருந்த வாரத்தைத்தான் பார்த்தேன். அதுக்கு முந்தின வாரம் என்ன செஞ்சீங்கன்னு கேட்க வந்திருக்கேன்."

காப்பாளர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. அவளும் கண்ணைத் தாழ்த்தாமல் நின்றாள். கடைசியில் அவர் ஒரு முக்காலியின் மேலிருந்த கட்டைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கையாலேயே தூசியைத் தட்டினார்.

"அப்போ உட்காருங்க மேடம். சொல்ல நேரமாகும்."