பூதத்துக்கான விதிகளும் மூன்றாவது பிரதியும்

1

இந்தக் கதையைத் தேடி நான் போகவில்லை. நன்றி சொல்லப் போனேன், கதையோடு திரும்பினேன்.

எண்பத்து மூன்று ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, கண்டியில், ஒரு மெத்தைக் கடையின் மேல்மாடியில் முப்பத்தேழு பேர் ஒளித்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் என் அம்மா லீலாதேவியும் ஒருவர். ஒளித்து வைத்தவர்களில் ஒருவர் றலியா டீச்சர். அம்மா போன வருடம் காலமானார். அதற்கு முன் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்தார்: "பிலிமத்தலாவையில இருக்கிறாவாம். ஒருக்காப் போய் நன்றி சொல்லிப்போட்டு வா."

போனேன். டீச்சர் தேத்தண்ணி தந்தார். நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த நன்றி உரையைப் பாதியில் நிறுத்தி, அலுமாரியைத் திறந்து, ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை மடியில் வைத்தார்.

"ஒங்கட உம்மாவக் காப்பாத்தினது நான் மட்டும் இல்ல மகள். இந்த வெளயாட்டும்தான்."

வீடு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம் இது: "கண்டி நகரின் மேல் புகை எழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமை…" அடித்துவிட்டேன். புகையில் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடி வைத்திருக்கிறேன். இரண்டாவது: "பூதத்தின் கணுக்காலை வாளால் வெட்டி வெட்டி ஷிராஸ் அலுத்துப்போனான்." இது பரவாயில்லை. இதோடு போகிறேன்.

2

பூதத்தின் கணுக்காலை வாளால் வெட்டி வெட்டி ஷிராஸ் அலுத்துப்போனான்.

ஷிராஸ், றலியாவின் நானா, அதாவது அண்ணன். இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தபோது ஒரு விதிப்புத்தகம் கொண்டுவந்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் அதற்குள் புகுந்து ஆடும் விளையாட்டு. இருபது பக்கமுள்ள பகடை வேண்டும் என்றது புத்தகம். அதற்குக் கண்டியில் எங்கே போவது? அவர்களுடைய வாப்பா மக்கீன் ஹாஜியாரின் மெத்தைக் கடையில் பொத்தான்களுக்குப் பஞ்சமில்லை. இருபது பொத்தானில் எண் எழுதிச் சீலைப் பைக்குள் போட்டுக் குலுக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கடையின் மேல்மாடியில், இலவம்பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே ஆட்டம் நடக்கும். மூன்றாவது ஆள் விவேகானந்தன். யாழ்ப்பாணத்துக்காரன், முப்பத்தொரு வயது, ஒரு நில அளவை அலுவலகத்தில் படவரைஞன். வாவிக்கு மேலே ஏறும் குறுகிய தெருவில், ஒழுங்கை ஒன்றில், அறை எடுத்திருந்தான். கடையும் அதே ஒழுங்கையின் அடியில்தான். (அவனை நான் பார்த்ததில்லை. றலியாவுக்கு அவன் எழுதிய இரண்டு கடிதங்கள்தான் எனக்குக் கிடைத்தவை. மிச்சத்தை ஊகித்திருக்கிறேன். ஊகம் பிழைத்த இடத்தில் அவன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.)

மலையளவு பூதத்துக்குப் புத்தகத்தில் இருந்த விதி மகா மோசம். அதற்கு நானூறு உயிர்ப்புள்ளி. ஒரு வெட்டுக்கு ஆறு புள்ளி போகும். போடு கணக்கை. மூன்று ஞாயிறு வெட்டிய பிறகு விவேகானந்தன் பென்சிலைக் கீழே வைத்தான்.

"இது சண்டை இல்லை, விறகு கொத்துற வேலை. இவ்வளவு பெரிய சாமானுக்கு நாங்கள் இருக்கிறதே தெரியாது. பிறகேன் அது எங்களோட சண்டை பிடிக்கப் போகுது?"

அன்றே கொப்பியில் புது விதிகள் ஏறின. பூதத்துக்கு உயிர்ப்புள்ளி கிடையாது, அதைக் கொல்ல முடியாது. அது தன் பாட்டில் வீடு வீடாகக் கால் வைத்துப் போகும். கால் விழுவதற்குள் அந்த வீட்டு ஆட்களை வெளியே கொண்டுவர வேண்டும். எத்தனை பேர் தப்பினார்கள் என்பதுதான் வெற்றி.

றலியா ஒரு விதி சேர்த்தாள். அப்போது அவள் கணக்கு டீச்சர், ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. "ஓடுங்கன்டு சொன்னா ஒருத்தரும் ஓட மாட்டாங்க. கதவப் பூட்டணும், மெசினத் தூக்கணும், ஆயிரம் வேல ஈக்கி. அதுக்கும் பொத்தான் எடுக்கணும்." எடுத்தார்கள். கூப்பிட்ட ஆட்கள் வரவே இல்லை, பூதம் எல்லாரையும் மிதித்தது. நாலாம் ஆட்டத்தில் அவளே வழியும் கண்டாள்: ஆளோடு பேசி மினக்கெடாதே, அடுப்பிலிருக்கும் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு நட. பின்னால் வருவார்கள்.

ஷிராஸ் விழுந்து விழுந்து சிரித்தான். விதி நிலைத்துவிட்டது.

3

இப்போது தவறு. வேறு எவனும் இதைச் செய்திருக்கமாட்டான். ஒரு படவரைஞன்தான் செய்வான்.

வீடுகள் என்றால் வரைபடம் வேண்டும். வீட்டுக்குள் எத்தனை பேர் என்ற எண்ணும் வேண்டும். "சும்மா ஒரு எண்ணப் போடுங்களேன்" என்றாள் றலியா. விவேகானந்தனால் முடியவில்லை. அளக்காத கோட்டை அவன் கை வரையாது. தான் குடியிருந்த ஒழுங்கையையே அளவு பிசகாமல் வரைந்தான். நாற்பத்தொரு வீடு. ஒவ்வொன்றிலும் குடும்பத்தின் பெயர், ஆட்களின் எண்ணிக்கை. பின்வாசல் இருந்தால் அதற்கும் ஒரு குறி.

எங்கள் வீட்டுக்கு மூன்று என்று போட்டிருந்தான். றலியா நாலு என்றாள், அம்மா பிள்ளைத்தாய்ச்சி.

"பிறக்காத பிள்ளையை என்னெண்டு எண்ணுறது? அது நடக்காதெல்லோ."

"ஒரு வயசுப் புள்ளயும்தான் நடக்காது. அத எண்ணி ஈக்கிறீங்களே."

அவன் அழித்து நாலு எழுதினான்.*

(*அந்தத் திருத்தம் நான்தான். கொப்பியில் என் எண்ணைப் பார்த்ததும் டீச்சர் வீட்டுக் கதிரையில் இருந்தபடியே அழுதேன். கதாசிரியர் அழக்கூடாது என்பார்கள். போகட்டும்.)

ஜூலை இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை, மூன்று பேருக்கும் மூன்று பிரதி எடுக்க அலுவலகத்துப் பிரதி இயந்திரக்காரரிடம் படத்தைக் கொடுத்தான். அவர் பெயர் திலகரத்ன, சிங்களவர். அவர் அன்றே பிரதியெடுத்து மூலத்தைத் திருப்பிக் கொடுத்தார். நீல நிறப் பிரதிகளை அமோனியா வாடை போகட்டும் என்று கம்பியில் தொங்கவிட்டார். மூலம் ஞாயிற்றுக்கிழமை றலியாவிடம் போனது.

4

செவ்வாய்க்கிழமை காலையிலேயே அலுவலகத்தில் யாரும் யாரையும் நேரே பார்க்கவில்லை. கொழும்பு எரிகிறது என்ற செய்தி முதல் நாளே வந்துவிட்டது. தமிழரைத் தேடி வீடு வீடாகப் பட்டியலோடு வருகிறார்களாம் என்று யாரோ தாழ்ந்த குரலில் சொன்னார்கள். விவேகானந்தனுக்குத் தன் படம் நினைவு வந்தது. பிரதி அறைக்கு ஓடினான்.

கம்பியில் இரண்டுதான் தொங்கின.

(அவர்கள் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் தருகிறேன், 'ஐயா' என்பதற்கான 'மாத்தயா'வை மட்டும் விட்டுவைத்து.)

"மூன்று போட்டேனே, மாத்தயா" என்றார் திலகரத்ன. சொல்லும்போது நிலத்தைப் பார்த்தார்.

இரண்டையும் விவேகானந்தன் அந்த இடத்திலேயே சுக்கலாகக் கிழித்தான். மத்தியானம் கடந்ததும் சந்தைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். திலகரத்ன குடையை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்றார். "தனியாகப் போகவேண்டாம்."

ரயில் பாதை வழியாக நடந்தார்கள். திலகரத்ன அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, தன் வயல் வரம்புத் தகராறைச் சத்தமாகச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். அவனுக்குக் கிடைத்த கட்டளை, இடைக்கிடை "ஹரி, ஹரி", அதாவது சரி, சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஓரிடத்தில் பொல்லுத் தடிகளோடு நாலு பேர் மறித்தார்கள். "என் தங்கச்சி புருஷன்" என்றார் திலகரத்ன. "வாய் திறந்தால் மூடமாட்டான், அதுதான் பேசவிடாமல் கூட்டிப்போகிறேன்." அவர்கள் சிரித்து வழிவிட்டார்கள்.

மெத்தைக் கடை வாசலில் மக்கீன் ஹாஜியார் நீள ஊசியோடு மெத்தை தைத்துக்கொண்டிருந்தார். கண்ணை எடுக்காமலே, "மேல போங்க மகன், சத்தம் போடாம" என்றார்.

மேலே பஞ்சு மூட்டைகளுக்குப் பின்னால் ஒழுங்கைத் தமிழர் வீடுகள் ஒன்பதும் உட்கார்ந்திருந்தன. றலியா வரைபடத்தைக் கையில் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். யார் வீட்டில் எத்தனை பேர், எந்தப் பின்வாசலால் வரலாம் என்பதெல்லாம் அதில் இருந்ததே. ஷிராஸும் அவளும் ஒரு மணித்தியாலத்தில் ஒன்பது வீட்டையும் வெறுமையாக்கியிருந்தார்கள். அம்மா தையல் மெசின் இல்லாமல் வரமாட்டேன் என்று நின்றாராம். றலியா நேரே அடுப்படிக்குப் போயிருக்கிறாள். சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள். "என்ர சோத்தை எங்க கொண்டு போறீர்?" என்று அம்மா பின்னாலேயே ஓடிவந்திருக்கிறார்.

"முப்பத்தஞ்சு" என்றாள் றலியா. "நீங்க முப்பத்தாறு. லீலாதேவிட வயித்துப் புள்ள முப்பத்தேழு. சரி."

விவேகானந்தன் பஞ்சு மூட்டையில் சாய்ந்து இருந்துவிட்டான்.

5

இங்கே முடித்தால் நல்ல கதை. எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று பின்னேரம் ஒழுங்கையில் ஒன்பது வீடு எரிந்தது. மற்ற முப்பத்திரண்டிலும் ஒரு கண்ணாடி கூட உடையவில்லை.

வந்தவர்களின் கையில் சுருட்டிய கடதாசி ஒன்று இருந்ததை ஹாஜியார் கண்டிருக்கிறார். "கடதாசிதான். நெறம் பாக்கல்ல" என்றாராம். வாக்காளர் பட்டியலாக இருக்கலாம். விவேகானந்தனின் மூன்றாவது பிரதியாகவும் இருக்கலாம்.

(பூதம் எதைக் குறிக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் என நினைக்கிறேன். நானும் அப்படித்தான் ஒரு பத்தி எழுதி டீச்சருக்கு வாசித்தேன். அவர் தலையாட்டவில்லை. "பூதத்துக்கு ஆள்ட பேர் தெரியாது மகள். வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்திச்சி. பூதத்த இதுல சேர்க்காதீங்க, பாவம்." பத்தியை எடுத்துவிட்டேன்.)

பிறகு எல்லாரும் தங்கிய அகதி முகாமில் அம்மா அவனுக்கு நன்றி சொல்லப் போனார். அவன் எழுந்து அப்பால் போனான். "எனக்குச் சொல்லாதேங்கோ" என்றானாம். றலியாவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் இப்படி இருக்கிறது: "உங்கள் குடும்பத்துக்கு நான் ஆயுள் முழுக்கக் கடமைப்பட்டவன். ஆனால் முப்பத்தேழு பேரைக் காப்பாற்றிய படமும் ஒன்பது வீட்டைக் காட்டிக்கொடுத்த படமும் ஒன்றேதானா என்று தெரியாமல் நான் எப்படி…" வசனம் அவனே முடிக்கவில்லை.

றலியா பதில் போட்டாள். கொப்பியில் அதன் நகல் கடைசி விதியாக இருக்கிறது: "பூதம் போன பிறகு வீடுகளை எண்ணக்கூடாது. ஆட்களை மட்டும் எண்ணவும்."

6

இரண்டாவது கடிதம் எண்பத்து நாலில் வந்தது. யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போன பிறகு எழுதியது.

கண்டி அலுவலகத்தில் அவனுடைய கடைசி நாள், பிரதி அறையில், திலகரத்ன இரண்டு கோப்பை பிளேன் ரீ வைத்துக் கதவைச் சாத்தினார். ஒரு வருடமாக அவர்கள் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

"மாத்தயா, அந்த மூன்றாவது பிரதி…" என்று தொடங்கினார்.

அவர் அதை அடுப்பில் போட்டிருக்கலாம், பயத்தில் சொல்லாமல் விட்டிருக்கலாம். (இந்த முடிவை எழுதிப் பார்த்தேன், இனிக்கிறது.) அவர் பிள்ளையோ மச்சானோ எடுத்துப் போயிருக்கலாம். (இதையும் எழுதினேன், கசந்தது.) காற்றில் பறந்தும் போயிருக்கலாம்.

விவேகானந்தன் கையை உயர்த்தி அவரை நிறுத்தினான். "கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்ட பிறகு என்னால் சொல்ல முடியுமோ தெரியாது. அதனால் முதலில் நான் சொல்கிறேன். ரயில் பாதையில் என் தோளில் கை போட்டு நடந்தீர்களே, அதற்கு நன்றி." திலகரத்ன அழுதார். பிறகு பேசத் தொடங்கினார். அத்தோடு கடிதத்தின் அந்தப் பக்கம் முடிகிறது.

"மத்தப் பக்கம் ஈக்கி" என்றார் டீச்சர், தாளை நீட்டி. "பாக்கிறீங்களா?"

நான் கையை நீட்டவில்லை. நன்றி சொல்ல வந்தவள் நான். பாதியில் நின்ற என் உரையை முழுதாகச் சொல்லி முடித்தேன். டீச்சர் இந்த முறை குறுக்கிடவில்லை.

ஆகவே திலகரத்னவின் வசனத்தை முடிக்கும் வேலை உங்களுக்கு. எப்படி வேண்டுமானாலும் முடியுங்கள், குற்றவாளியாக்கினாலும் சரி. ஒரேயொரு விதி: நீங்கள் எதை எழுதினாலும், அதற்கு முன் விவேகானந்தன் சொன்ன நன்றியை அழிக்கக்கூடாது.