தொண்ணூற்றைந்து

பூவாத்தாள் வால்பாறையில் முதல் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு குமட்டலை அடக்கிக்கொண்டு, கோயம்புத்தூரில் மகள் ஆராய்ச்சி செய்யும் கல்லூரிக்கு வந்து சேர்ந்தாள். கையில் தூக்குப்போசி நிறையச் சோறும் பச்சைப்பயிறு கடைசலும். "நீ என்னதான் செய்யறேன்னு ஒருக்கா கண்ணுல பாக்கோணும் அம்மணி" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் ஆய்வுக்கூட வாசலில் நின்றாள்.

அம்மாவைக் கண்டதும் மகள் பொற்கொடி பயந்துபோனாள். பெற்ற தாய் வந்ததற்கு யாராவது இப்படிப் பயப்படுவார்களா? அவளுக்குக் காரணம் இருந்தது.

கொரோனா காலத்தில் அவள் அப்பா மாசாணம் தேயிலை எஸ்டேட்டின் லயன் வரிசை வீட்டிலேயே செத்துப்போனார். மருத்துவ முகாமில் ஒரு கிளிப் கொடுத்திருந்தார்கள். விரலில் மாட்டினால் ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் என்று காட்டும். தொண்ணூற்றுநாலுக்குக் கீழே இறங்கினால் பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லயன் முனையில் ஆம்புலன்ஸ் நின்றது. மாசாணம் "மூச்சு முட்டுது புள்ள" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பூவாத்தாள் ஒவ்வொரு தடவையும் கிளிப்பைப் பார்த்தாள். தொண்ணூற்றைந்து. "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தாள். மலையிறங்கிப் போனவர்கள் பொட்டலமாகத் திரும்பிவந்த காலம் அது. அவளைக் குறை சொல்ல எவனுக்கும் வாயில்லை. விடிவதற்குள் அவர் போய்விட்டார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் பூவாத்தாள் ஒன்றையே சொன்னாள். "நம்பரு நல்லாத்தான் இருந்துச்சுங்க. அவரு விதி." அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை வருஷமும் சோறு தின்றாள், கொழுந்து பறித்தாள்.

உண்மை பொற்கொடிக்குப் பிற்பாடு தெரிந்தது. கிளிப் விரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சித்தான் அளக்கிறது; கருத்த தோல் அந்த வெளிச்சத்தைக் குடித்துக்கொள்ளும். விரலைத் தாண்டி அந்தப் பக்கம் வருவது கொஞ்சூண்டு. அந்தக் கொஞ்சத்தை வைத்துக் கணக்குப் போடும் கிளிப், பல நேரம் உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லிவிடும். மாசாணம் நல்ல கருப்பு. இதை அம்மாவிடம் சொல்லாமல் விழுங்கிவிட்டு, பொற்கொடி வேறொரு கிளிப் செய்ய உட்கார்ந்தாள். மை போல அச்சடிக்கக்கூடிய கரிமப் பொருளில், வெளிச்சத்தை அளக்கும் ஓர் ஒளியுணரி. அதன்மேல் கடுகைவிடச் சின்னச் சின்னக் குமிழ்கள் பதித்த படலம். சிதறி வரும் வெளிச்சத்தைக் குமிழ்கள் புனல் மாதிரி வாங்கி உணரியின்மேல் குவிக்கும். குமிழ் தட்டையாகிப்போனால் வெளிச்சம் ஓரத்தில் வழிந்து வீணாகும். வார்த்து வார்த்து உடைத்து, இப்போதுதான் சரியான வளைவு கிடைத்திருந்தது.

அவளுடைய வழிகாட்டி பிரான்சிஸ் சாருக்கு மாசாணத்தின் கதை தெரியாது. தங்கமான மனுஷன், வாய்தான் சும்மா இருக்காது. "ஏனுங்கம்மா, கொழுந்து பறிச்ச கைங்களா? இந்த மாதிரி விரல்தானுங்க எங்களுக்கு வேணும்" என்று பூவாத்தாளை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார்.

"சார், அம்மா பஸ்ஸுல வந்த களைப்பு..." என்று பொற்கொடி இழுத்தாள்.

"அட, ஒரு நிமிஷம்தான்."

ஒரு விரலில் முகாமில் கொடுத்தது போலவே கடையில் விற்கும் கிளிப், பக்கத்து விரலில் பொற்கொடியின் படலம். சார் சொன்னபடி பூவாத்தாள் மூச்சை அடக்கினாள். இலை எடை பார்த்துப் பழகிய கண், எண்கள் அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் மகளுடையது தொண்ணூறுக்கு இறங்கியது. கிளிப் தொண்ணூற்றைந்திலேயே நின்றது.

"பாத்தீங்களா! கிளிப்பு பொய் சொல்லுது, உங்க புள்ள செஞ்சதுதான் நெசத்தைச் சொல்லுது. கருத்த தோலுன்னா அது கூட்டித்தானுங்க காட்டும்" என்று சார் கை தட்டினார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பூவாத்தாள் மூச்சை விட்டுவிட்டு மகளைப் பார்த்தாள்.

"அன்னைக்குமா கண்ணு?"

"இல்லீங்கம்மா. என்னுதுதான் தப்பு. இன்னும் சரியா வரலீங்க" என்றாள் பொற்கொடி. நாலு வருஷ உழைப்பைத் தன் வாயாலேயே குப்பையில் போட்டாள். மறுத்துச் சொல்ல வந்த பிரான்சிஸ் சாரைக் கண்ணாலேயே தடுத்தாள்.

பெற்றவளுக்குத் தெரியாதா, மகள் பொய் சொல்லும் முகம் எதுவென்று?

"இன்னொருக்கா பாத்துக்கறேன்" என்று பூவாத்தாள் மறுபடியும் மூச்சை அடக்கினாள். இந்தத் தடவை விடவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் முட்டியது. மகள் செய்ததை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்வை கிளிப்பின்மேலேயே இருந்தது. அது தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றைந்து என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"அம்மா, மூச்சை விடுங்க! விட்டுருங்கம்மா!" பொற்கொடி கத்திக்கொண்டே அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

மூச்சு பிய்த்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும்.

"முட்டுது முட்டுதுன்னாரு கண்ணு. அவரு மொகத்தைப் பாக்காம நான் நம்பரைப் பாத்துப்போட்டேனே."