மூன்று வாரத்து சீனியர்

இருபது வருடம் செருப்புக் கடையில் ஊரார் காலைப் பிடித்தவள், நாற்பத்தேழு வயதில் ஆஸ்பத்திரியில் ஊரார் கையைப் பிடித்து நாடி பார்க்க வந்தாள். நர்சிங் வகுப்பில் மகள் வயதுப் பிள்ளைகள் அவளை ஆன்ட்டி என்றார்கள். வீட்டுக்காரர், "ரிட்டயர் ஆகற வயசுல பரீட்சைக்குப் படிக்கறா" என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அத்தனையையும் தாங்கிக்கொண்டு வார்டுக்குள் வந்தால், அங்கே வேறு கூத்து. பாதித் தலை நரைத்திருந்ததால் எல்லோரும் அவளையே தலைமை நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். புது டாக்டர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். சும்மா சொல்லக் கூடாது, நம்மவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. யாரையும் திருத்தப் போகவில்லை.

உண்மையான தலைமை நர்ஸுக்கு இருபத்தொன்பது வயது. அன்று காலை நம்மவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க ட்ரையல் இன்னையோட முடியுது. சாயங்காலம் நான் கையெழுத்துப் போட்டாத்தான் வேலை நிரந்தரம். வேலையெல்லாம் நல்லாத்தான் செய்றீங்க. ஆனா தெரியாததுக்கும் தலையாட்டறீங்க. அதான் பயமா இருக்கு."

நம்மவள் யோசித்துப் பார்த்தாள். இதை விட்டால் மறுபடி செருப்புக் கடைதான்.

மதியம் ஐந்தாம் கட்டில் பெரியவருக்கு இன்சுலின் போட வேண்டும். சீட்டில் அளவு இல்லை. அவசரமாகப் போய்க்கொண்டிருந்த சின்ன டாக்டரை நிறுத்திக் கேட்டாள்.

"வழக்கமான நாற்பது யூனிட்தான் சிஸ்டர். உங்களுக்குத் தெரியாததா?"

பழக்க தோஷம், தலை பாதி ஆடிவிட்டது. பெரியவரின் மனைவி வேறு பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல டாக்டர், எனக்குத் தெரியாது." குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நான் சேந்து மூணு வாரம்தான் ஆகுது. எழுதிக் குடுங்க."

டாக்டர் சலித்துக்கொண்டே சீட்டை வாங்கினார். பெயரைப் பார்த்தார். கட்டில் எண்ணைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. நாற்பது யூனிட் எட்டாம் கட்டில்காரருக்கு, இவருக்கு நாலுதான். நாற்பது போயிருந்தால் பெரியவர் சாப்பிட எழுந்திருக்கவே மாட்டார். டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேகமாக நழுவினார்.

நியாயமாக அந்த அம்மாள் நன்றி சொல்லியிருக்க வேண்டும். அவரோ புருஷனின் கையை இழுத்துப் போர்வைக்குள் மூடினார்.

"மூணு வாரத்து ஆளா நீ? பெரிய நர்ஸுன்னுல்ல நெனச்சேன்! வேலை தெரிஞ்ச யாரையாவது வரச் சொல்லு."

மூன்று வாரத்து மரியாதை ஒரே வாக்கியத்தில் போயிற்று. நம்மவள் நாலு யூனிட் ஏற்றிய சிரிஞ்சும் கையுமாக நின்றாள்.

சத்தம் கேட்டுத் தலைமை நர்ஸ் வந்தாள். சீட்டைப் படித்தாள், சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து அளவு பார்த்தாள், நம்மவளிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"இவங்கதாம்மா போடுவாங்க. நான் பக்கத்துல நிக்கறேன்."

தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவள் தோளருகே நின்று பார்ப்பது அவமானமாக இருக்கும் என்று நினைத்தாள். நிம்மதியாக இருந்தது. ஊசி போட்டு முடித்ததும், சாயங்காலம் வரை காத்திருக்காமல் தலைமை நர்ஸ் வேலையை நிரந்தரமாக்கும் பேப்பரில் கையெழுத்துப் போட்டாள்.

"ஏய், சின்ன நர்ஸு! தலகாணிய சரி பண்ணு" என்று ஐந்தாம் கட்டிலிலிருந்து அந்த அம்மாளின் அதட்டல் வந்தது. இந்த வார்டில் முதல் முறையாகப் பெரிய நர்ஸ் என்று நினைக்காமல் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அந்த நாற்பத்தேழு வயதுக்காரி சந்தோஷமாக ஓடினாள்.