பன்னிரண்டு பேர் தட்டினால்

மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்காரர்களுக்கு வாய் நீளம். "ஒரே கம்ப்யூட்டர், பதினாறு பேர்" என்று விளம்பரத் தாளில் அச்சடித்துவிட்டார்கள். பெட்டி ஒன்றுதான், அதிலிருந்து ஒயர் இழுத்து ஆளுக்கொரு திரையும் கீபோர்டும் வைத்துவிட்டால் பதினாறு பேரும் ஒரே சமயத்தில் வேலை பார்க்கலாமாம். அச்சடித்தவர்களில் ஒருவராவது பதினாறு பேரை உட்கார வைத்துப் பார்த்திருந்தால் நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்?

1994இல் அந்தக் கம்பெனியின் பேட்டை ஆபீஸில் இன்ஜினியர், கிளார்க், பெருக்குகிறவள் எல்லாம் நான்தான். பெயர் ஜாய்சி. தீபாவளிக்குள் ஒரு பெரிய ஆர்டராவது வராவிட்டால் பேட்டையை மூடிவிடுவோம், நீ மெட்ராஸுக்கு வந்து சேர் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். எவ்வளவு கெஞ்சினாலும் மகளை மெட்ராஸுக்கு அனுப்ப மாட்டார். ஆர்டர் கைநழுவினால் நான் வீட்டில் உட்கார்ந்து மீன் ஆய வேண்டியதுதான். எனக்கு மீன் தின்னப் பிடிக்கும், ஆயப் பிடிக்காது.

ஆர்டர் தரக்கூடியவர் டவுண் கீழரத வீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த சங்கரசுப்பிரமணியன் அண்ணாச்சி. மூன்று மாடிக் கடை, பில் போட மட்டும் பன்னிரண்டு மேசை. அவர் பேச்சை வளர்க்கவில்லை. பன்னிரண்டு பேரை உட்கார வைத்துச் சேர்ந்து தட்டவிட்டுக் காட்டு, பிடித்திருந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார். கடை லீவான ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தார்.

தட்டுவதற்கு ஆள் வேண்டுமே. பில் போடும் பையன்கள் கீபோர்டைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. எங்கள் ஆபீஸுக்கு எதிர்மாடியில் ஞானம்பாள் டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. ஓடிப்போய்க் கேட்டேன். ஹையர் பரீட்சைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பன்னிரண்டு பெண்களைத் தருகிறேன் என்றார் டீச்சர். இவர்கள் தட்டும் வேகத்தைத் தாங்கிவிட்டால் பெட்டி எதையும் தாங்கிவிடும் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு காலைப் பூசை முடித்து மாதாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முந்தின இரவே பெட்டியையும் திரைகளையும் பூட்டி வைத்திருந்த கடைக்கு வந்தேன். பிச்சிப்பூவும் சிரிப்புமாக வந்து இறங்கினார்கள் பெண்கள். ஆளுக்கு ஒன்றாக ஒரே பில் கட்டின் ஜெராக்ஸைக் கொடுத்தேன். டீச்சரும் மரஸ்கேலோடு வந்திருந்தார். அங்கேதான் கோட்டை விட்டேன்.

டைப்ரைட்டிங் வகுப்பின் பழக்கம் அப்படி. எல்லோரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். கண் தாளை விட்டு நிமிரக் கூடாது. டீச்சர் ஸ்கேலால் தாளம் தட்டுவார். அந்தத் தாளத்துக்கு வரியை ஒன்றாக முடித்து, தாள் சுற்றிய கேரேஜை ஒன்றாகத் தள்ள வேண்டும். இங்கே கேரேஜ் இல்லை, என்டர் இருந்தது. முதல் பில் முடிந்ததும் பன்னிரண்டு சுண்டுவிரல்கள் ஒரே நொடியில் என்டரில் இறங்கின.

என்டர் தட்டினால் பில் ஹார்ட் டிஸ்கில் ஏற வேண்டும். டிஸ்க் ஒன்றே ஒன்று. முதல் பில்லுக்குப் பெட்டி முனகியது. இரண்டாவதுக்குக் கரகரத்தது. மூன்றாவது பில்லில் பன்னிரண்டு திரைகளும் அப்படியே நின்றுவிட்டன.

நின்றது பெண்களுக்குத் தெரிந்தால்தானே? கண் தாளில் இருக்க, விரல்கள் பறந்துகொண்டிருந்தன. நிறுத்தச் சொல்லி டீச்சரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். வேகம் போதவில்லை என்கிறேன் போலும் என்று அவர் தாளத்தைக் கூட்டினார். பெண்களும் கூட்டினார்கள். வேலை போகப் போகிறது, எனக்கோ சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. தாவணி முனையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

கடைசி வரி முடிந்ததும் ஸ்கேல் நின்றது. பன்னிரண்டு பேரும் கையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்கள். அப்போது பெட்டி மூச்சு வாங்கி முடித்திருக்க வேண்டும். முதல் திரையில் எழுத்துகள் தாமாக ஓடத் தொடங்கின. வேட்டி, துண்டு, உள்பாவாடை. அடுத்த திரை, அதற்கடுத்தது. தொட ஆளில்லாமல் பன்னிரண்டு திரைகளும் பில் போட்டுத் தள்ளின. ஒருத்தி நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். தட்டியதையெல்லாம் பெட்டி ஓர் ஓரத்தில் வாங்கி வைத்திருந்து இப்போது எழுதுகிறது என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை. சிரித்துச் சிரித்து டீச்சருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது. சரிபார்த்தேன், ஒரு பில்கூட விட்டுப்போகவில்லை.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. நடுவில் நின்றதா இல்லையா என்று கேட்டார். இல்லை, இதெல்லாம் இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம், மெட்ராஸ்காரர்கள் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த விளம்பரத் தாளை நினைத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நின்னுச்சு அண்ணாச்சி. பன்னெண்டு பேரும் ஒரே நொடியில என்டர் தட்டுனா இது நிக்கத்தான் செய்யும். முன்னப்பின்ன தட்டுனா தாங்கும்."

சொல்லிவிட்டேனே தவிர, தூத்துக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டதுபோலவே இருந்தது. அண்ணாச்சி திரைகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மேசைகளின் கடைசியில் நின்றவருக்குச் சிரிப்பில் தோள் குலுங்கத் தொடங்கியது.

"எங் கடைப் பயலுவ என்னைக்கு, பிள்ள, ஒண்ணுபோல ஒரு வேலையச் செஞ்சிருக்கானுவ? ஒருத்தன் பில் போட்டா ஒருத்தன் டீக்குப் போயிருப்பான், ஒருத்தன் பேனாவத் தேடுவான், ஒருத்தன் வந்தவக கிட்ட ஊர்க்கதை பேசிட்டு நிப்பான். நீ பன்னெண்டையும் கொண்டாந்து போடு. பதினாறு போட்டாலும் அவனுவளால இத நிறுத்த முடியாது."