பத்துக்கு எட்டு

கேட்டு வாங்குகிற பாராட்டை நான் நம்புவதில்லை. தோங்யொங் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் நெத்திலிக் கருவாடு தரம் பிரித்தவன் நான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. ஆனால் பெட்டியைத் திறந்ததும் வயிறு உடைந்தது எத்தனை, தலை போனது எத்தனை என்று என் கண் சொல்லிவிடும். பத்துக்கு இத்தனை என்று பெட்டி மேல் சாக்கட்டியால் எழுதுவேன். ஏழு என்றால் நல்ல சரக்கு. எட்டு எழுதினால் வியாபாரிகள் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டு வருவார்கள். ஒன்பதை நாலு தடவை எழுதியிருக்கிறேன். பத்து எழுதியதே இல்லை. எவனாவது பத்து எழுதியிருந்தால் அந்தப் பெட்டியின் அடியைக் கிளறிப் பார்ப்பேன்.

இந்த ஆகஸ்ட் மாதம் எங்கள் கிம்ச்சி ஃப்ரிட்ஜ் நின்றுபோனது. வெளியே வெயில் கொளுத்துகிறது. உள்ளே குளிர்காலத்தில் மிளகாய் போட்டு ஊறவைத்த முட்டைக்கோஸ் கிம்ச்சி, ஒரு வருஷத்துக்கானது. மூடியைத் திறந்தால் புளித்த வாடை மூக்கில் அடித்தது. என் மனைவி மல்சூன் செத்த வீட்டில் உட்கார்ந்த மாதிரி அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனிக்கு ஃபோன் செய்தோம். மறுநாள் காலை சொன்ன நேரத்துக்கு மெக்கானிக் வந்தான். பெயர் தாக் ஜின்க்யு என்று சட்டையில் எழுதியிருந்தது. நாற்பது வயதுக்குள் இருக்கும். வாசலில் செருப்பைக் கழற்றி, பையிலிருந்து புதுக் காலுறை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தான். இருபது நிமிஷத்தில் பழுதைக் கண்டுபிடித்துவிட்டான். தரையில் ஒழுகியிருந்த கிம்ச்சித் தண்ணீரை நாங்கள் சொல்லாமலே துடைத்தான். மல்சூன் கொடுத்த பார்லித் தண்ணீரை, "டூட்டில குடிக்கக் கூடாதும்மா" என்று கும்பிட்டு மறுத்தான். எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கிளம்பும்போதுதான் கெடுத்துக்கொண்டான்.

"அப்பா, நாளைக்கு ஆபீஸ்லேர்ந்து ஒரு ஃபோன் வரும். எப்படி வேலை செஞ்சான்னு கேப்பாங்க. பத்துன்னு சொல்லிடுங்கப்பா."

"நான் உனக்கு அப்பனா?"

"எல்லாரையும் அப்படித்தானே கூப்பிடறோம்."

"ஆமா, விக்க வர்றவனுங்க எல்லாருக்கும் நான் அப்பன்தான். பத்து ஏன் சொல்லணும்?"

"பத்துக்குக் கீழ எது சொன்னாலும் எங்களுக்குச் சைபர்தாம்பா. ஒன்பதுகூடச் சைபர்தான்."

இப்படி ஒரு கணக்கை நான் எங்கும் கேட்டதில்லை. ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். நல்ல வேலைக்காரன் எதற்குக் கெஞ்ச வேண்டும்?

மறுநாள் ஃபோன் வந்தது. தேன் தடவிய மாதிரி ஒரு பெண் குரல். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எத்தனை கொடுப்பீர்கள் என்றாள்.

"எட்டு" என்றேன்.

எட்டு! என் மருமகனுக்குக்கூட நான் எட்டு கொடுத்ததில்லை. காலுறைக்கு, தரை துடைத்ததுக்கு, நேரத்துக்கு வந்ததுக்கு எல்லாம் சேர்த்து மனசாரக் கொடுத்த எட்டு அது.

"எங்கள் ஊழியர் உங்களிடம் குறிப்பிட்ட மதிப்பெண் தரும்படி கேட்டாரா?" என்றாள்.

"கேட்டான். பத்து கேட்டான்" என்றேன். நடந்ததைச் சொல்ல எனக்கென்ன பயம்?

ஃபோனை வைத்ததும் மல்சூன் என்னை முறைத்தாள். "பத்துன்னு சொன்னா உங்க வாய்ல முள்ளா குத்தியிருக்கும்?"

"இருக்கறதத்தானே சொன்னேன்."

"இருக்கறதச் சொல்றாராம். கல்யாணத்தன்னிக்கு எங்க அண்ணன்கிட்ட என்னைப் பத்தி 'பரவாயில்ல'ன்னு சொன்ன ஆளுதானே."

மூன்று நாள் கழித்துக் கதவு மணி அடித்தது. தாக் நின்றுகொண்டிருந்தான். கையில் ஒரு பெட்டி பீச் பழம், கக்கத்தில் ஒரு காகிதம். இடுப்பு வரை குனிந்தான், நிமிரவே இல்லை.

"உங்களுக்குத் திருப்தி இல்லாத மாதிரி நடந்துக்கிட்டேன். மன்னிச்சிடுங்க."

"எனக்குத் திருப்திதானேய்யா! எட்டு குடுத்தேனே!"

"எட்டுக்குத்தாம்பா மன்னிப்புக் கேக்க அனுப்பியிருக்காங்க. இந்தக் காகிதத்துல நீங்க ஏத்துக்கிட்டதா ஒரு கையெழுத்து வேணும்."

மல்சூன் அவனை இழுத்து உட்காரவைத்தாள். உட்காரமாட்டேன் என்று முழங்காலில் நின்றான். அவள் துருவித் துருவிக் கேட்டதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். அவன் கம்பெனி ஆளே இல்லை. ஒப்பந்தத்தில் இருக்கிறவன். இந்த மாசம் முப்பத்தொன்றாம் தேதி ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்பது இந்த மதிப்பெண்ணில்தான் இருக்கிறது. எட்டு ஒரு குற்றம். மதிப்பெண் கேட்டது அதைவிடப் பெரிய குற்றம். தண்டனையாக இப்போது தினமும் காலை ஏழரைக்கு ஆபீசில் கண்ணாடி முன் நின்று சிரிக்கப் பழக வேண்டுமாம்.

"சிரிக்கறதுக்கா வகுப்பு?" என்றாள் மல்சூன்.

"மேல் வரிசையில எட்டுப் பல் தெரியணும்மா."

"எட்டுதானா? பத்து கேக்கலையா?" என்று நான் கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன். அவன் போன பிறகு அந்தப் பீச் பழம் ஒன்றைக் கடித்தேன். நல்ல பழம். பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

நான் போட்ட முடிச்சு, நானே அவிழ்க்கலாம் என்று மறுநாள் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். முதலில் ஒரு மெஷின் பேசியது. என்ன வேண்டும் என்று வாயால் சொல்லச் சொன்னது. "எட்டைப் பத்தாக்கணும்" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு அதற்குப் புரியவில்லை. புது ஃப்ரிட்ஜ் வாங்க ஒன்றை அழுத்து என்றது. ஐந்து தடவை கத்தின பிறகு ஒரு குழந்தையின் குரல் வந்தது: "இப்போ எங்கம்மா உங்களோட பேசுவாங்க. எங்கம்மாவத் திட்டாதீங்க." யாரோ ஒரு குழந்தையைப் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அதைக் கேட்ட பிறகு எந்த மனுஷன் கோபப்பட முடியும்? நம் கையை முதலிலேயே கட்டிவிடுகிறார்கள்.

"வணக்கம், அன்புக்குரிய வாடிக்கையாளரே" என்று ஒரு பெண் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயாவுக்கு மனக்கஷ்டம் குடுத்ததுக்கு ரொம்ப வருத்தப்படறோம்."

"மனக்கஷ்டம் எல்லாம் இல்லம்மா. அந்த எட்டை அழிச்சிட்டுப் பத்துன்னு எழுது. அவ்வளவுதான்."

"உங்க மேலான கருத்தை நாங்க மாத்தக் கூடாதுங்க. அது உங்க உரிமை."

"என் உரிமைதானே? நானே சொல்றேன், மாத்து."

"ஒரு தடவை பதிஞ்சா மாத்த வழியில்லைங்க ஐயா. நீங்க இப்ப சொல்றத வேணா தனியா ஒரு கருத்தா ஏத்திக்கறேன்."

"அந்தப் பையன் நல்ல வேலைக்காரன்னு ஏத்து."

"கண்டிப்பா ஏத்தறேன். வேற ஏதாவது உதவி வேணுங்களா?"

"நீ இன்னும் ஒரு உதவியும் பண்ணலையே!" என்று குரல் உயர்ந்துவிட்டது. சத்தம் போட்டால் அழைப்பு துண்டிக்கப்படும் என்று அவள் படித்துக் காட்டினாள். பிறகு கொஞ்சம் நிறுத்தி, தேன் இல்லாத குரலில் மெதுவாகச் சொன்னாள்: "ஐயா, இந்த அழைப்பு முடிஞ்சதும் எனக்கு எத்தனைன்னு கேட்டு மெசேஜ் வரும்ங்க."

மெசேஜ் வந்தது. ஐந்து நட்சத்திரம். மல்சூனிடம் கொடுத்து ஐந்தையும் அமுக்கச் சொன்னேன். எனக்கு ஒன்றும் செய்யாதவளுக்கு முழு மதிப்பெண். கிம்ச்சியைக் காப்பாற்றினவனுக்கு எட்டு. என் வாழ்க்கையில் நான் போட்ட முதல் பொய்த் தரம் அது.

அன்று சாயந்திரமே தாக் ஃபோன் செய்தான்.

"அப்பா, ஆபீசுக்கு ஃபோன் பண்ணீங்களா?"

"ஆமா. உன்னைப் பத்தி நல்லதாச் சொன்னேன்."

"ஒரே வேலைக்கு ரெண்டாந்தடவை வாடிக்கையாளர் கூப்பிட்டா அது ரெண்டாவது புகார்னுதான் கணக்குப்பா. என்ன பேசினீங்கன்னு யாரும் பாக்க மாட்டாங்க." அவன் கோபப்படவே இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. "இனிமே ஃபோன் பண்ணாதீங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

ஒரு வாரம் தூக்கம் சரியில்லை. காலையில் ஏழரை ஆனால் அவன் கண்ணாடி முன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பது நினைவுக்கு வரும். வேறு வழி என்ன? புதிதாக ஒரு பழுது வந்தால் புதிதாக ஒரு வேலை, புதிதாக ஒரு ஃபோன், புதிதாக ஒரு மதிப்பெண். பதினேழாம் தேதி மல்சூன் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, கிம்ச்சி ஃப்ரிட்ஜ் மூடியின் ரப்பரைப் பிடித்து இழுத்தேன். நல்லாத்தான் ஒட்டியிருந்தது. ஒரு முழம் கிழித்தேன். அவனையே அனுப்பும்படி கேட்க மல்சூனை ஃபோன் செய்யச் சொன்னேன். ரப்பரைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டுதான் ஃபோன் செய்தாள்.

தாக் வந்தான். குனிந்து பார்த்தான். கிழிந்த இடத்தில் என் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது.

"ரப்பர் தானா இப்படிக் கிழியாதுப்பா."

"கிழிஞ்சிடுச்சு. நாளைக்கு ஃபோன் வரட்டும். பத்து. கேட்டானான்னா கேக்கலைன்னு சொல்றேன். சத்தியமாச் சொல்றேன்."

அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். மல்சூன் வைத்த பார்லித் தண்ணீரை எடுத்து முழுசாகக் குடித்தான். டூட்டி என்று சொல்லவில்லை.

"புகார் குடுத்த வீட்டுலேர்ந்தே ரெண்டு வாரத்துல பத்து வந்தா, நான் வந்து கெஞ்சி வாங்கினேன்னு எடுத்துக்குவாங்க. அப்புறம் இந்த ரப்பரைப் பத்தியும் கேப்பாங்க."

"அப்ப எட்டே சொல்லவா?"

"அய்யோ."

"பின்ன என்னதான் சொல்ல?"

"ஃபோனை எடுக்காதீங்க. எடுக்கலைன்னா அந்த இடம் காலியா இருக்கும். காலி எதையும் குறைக்காது. மூணு நாள், நாளைக்கு ஒரு தடவை அடிப்பாங்க. அதுக்கப்புறம் விட்டுடுவாங்க."

"எடுக்காம இருந்தா உன்னைப் புதுப்பிச்சிடுவாங்களா?"

"எடுத்தா மாட்டாங்க. எடுக்கலைன்னா தெரியாது."

புது ரப்பர் பூசானிலிருந்து வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும் என்றான். அதுவரைக்கும் டேப் போட்டு மூடிவிட்டுப் போனான். வாசலில் குனியும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். எட்டுப் பல்லும் தெரிந்தது.

முதல் நாள் பத்தேகாலுக்கு அடித்தது. கம்பெனி நம்பர். நானும் மல்சூனும் சோற்றுக்கு முன் உட்கார்ந்திருந்தோம். முப்பது வினாடி இருக்கும். அடித்து ஓய்ந்தது. இரண்டாம் நாள் கழிப்பறையில் இருந்தபோது அடித்தது. கதவு வழியாகக் கேட்டுக்கொண்டு அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் காலையிலிருந்தே ஃபோனை மேஜை நடுவில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். மதியம் ஒன்றரைக்கு அது மேஜை மேல் நடுங்க ஆரம்பித்தது. எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம், எந்த மனுஷன் காதிலாவது விழட்டும் என்று கை போய்விட்டது. மல்சூன் ஃபோனைப் பிடுங்கித் தரையில் வைத்து, உட்காரும் மெத்தையை அதன் மேல் போட்டு, அவளே உட்கார்ந்துகொண்டாள். அவள் அடியில் அது அடித்துக்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு மெசேஜ் வந்தது. எங்கள் மேலான குரலைக் கேட்க முடியாமல் போனதில் கம்பெனிக்கு வருத்தமாம்.

செப்டம்பர் நாலாம் தேதி ரப்பர் வந்தது. கொண்டுவந்தவன் வேறு ஆள். சட்டையில் பாங் என்று இருந்தது.

"தாக் எங்க?" என்றேன்.

"தாக் அண்ணன் ஒண்ணாந்தேதிலேர்ந்து வர்றதில்லைங்க."

"போயிட்டாரா, அனுப்பிட்டாங்களா?"

"ஒப்பந்தம் முடிஞ்சுது. அவ்வளவுதான் தெரியும்."

"அவரு நம்பர் இருக்கா?"

"அது ஆபீஸ் நம்பர்ங்க. இப்ப எங்கிட்டத்தான் இருக்கு."

அவன் செருப்போடு சமையலறை ஓரம் வரை வந்துதான் கழற்றினான். ரப்பரைப் பொருத்தினான். இடது மூலையில் சுருக்கம் விழுந்தது, அதைக் கவனிக்கவில்லை. தரையில் விழுந்த பழைய ரப்பர்த் துண்டை மல்சூன்தான் பொறுக்கினாள். என் கணக்கில் ஐந்து. கருணை காட்டினால் ஐந்தரை.

வாசலில் நின்று குனிந்தான். வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, பத்து விரலையும் விரித்துக் காட்டினான். என் கண்ணையே பார்த்தான். எனக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்ததும் கையை மடக்கிப் பையில் விட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் பத்தேகாலுக்கு ஃபோன் அடித்தது. எடுத்தேன். அதே தேன் குரல்.

"பத்து" என்றேன்.

"மிக்க நன்றி. எங்கள் ஊழியர் உங்களிடம் குறிப்பிட்ட மதிப்பெண் தரும்படி கேட்டாரா?"

"இல்லம்மா. அவன் வாயே தெறக்கலை."

ஃபோனை வைத்தேன். மல்சூன் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று மூடியின் இடது மூலையைக் கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தாள். விட்டதும் அது மறுபடி எழும்பியது.

"எத்தனை சொன்னீங்க?" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

"பத்து."

அவள் மறுபடி அழுத்தினாள்.