தெருவைக் கடந்த நாற்று

ஸினாயிதா ஹெகாயின் வெங்காய நாற்று வாசல் பூட்டுத் துளை வழியாக வெளியே வந்து, தெருவைக் கடந்து, எதிர்வீட்டுக் கொழுந்தன் த்ரோஃபிமின் ஜன்னலில் போய்ச் சாய்ந்தது எழுபத்து நான்காம் வருஷம் பிப்ரவரி இருபத்தாறு, செவ்வாய்க்கிழமை. அன்று கூட்டுப்பண்ணைக் கடைக்கு மண்ணெண்ணெய் வரவில்லை என்பதையும் சிர்ச்சிக் ஆற்றங்கரைக் கொரியர்கள் சேர்த்தே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

அவள் கணவன் அப்பொல்லோன் செத்து அப்போது ஒரு வருஷம் ஆக இருந்தது. குத்தகை நிலத்தில் வெங்காயம் போடும் குழுவுக்குத் தலைவன் தம்பி த்ரோஃபிம். பாலம் வழியாகச் சுற்றினால் ஒரு நாள் வீண், சிர்தரியா ஆற்றின் ஐஸ் தாங்கும் என்று அவன்தான் அண்ணனை லாரியோடு அனுப்பினான். மார்ச் மாத ஐஸ், தாங்கவில்லை. உடல் கிடைத்தது, புதைத்தார்கள். அதன்பிறகு வீட்டில் அப்பொல்லோன் படுக்கும் இடம் மட்டும் ஆறவில்லை. அந்த ஊரில் எல்லார் வீட்டிலும் தரைக்கு அடியில் அடுப்புப் புகை ஓடும், தரைதான் படுக்கை. ஆனால் அடுப்பு அணைந்த நாட்களிலும் சுவரோரம் ஓர் ஆள் நீளத்துக்குத் தரை சுட்டது. பண்ணை நர்ஸ் வெப்பமானியை வைத்துப் பார்த்து முப்பத்தேழு டிகிரி, உயிருள்ள ஆளின் உடம்புச் சூடு என்று எழுதிக்கொண்டு போனாள்.

அந்த இடத்தில்தான் ஸினாயிதா ஆறு நாற்றுப் பெட்டிகளை வைத்தாள். துக்க வீடு என்று திரைச்சீலையையும் விலக்கவில்லை. நெருக்கி விதைத்து, இருட்டிலும் சூட்டிலும் வைத்தால் வெங்காய நாற்று நூலாகத்தான் ஓடும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. அவன் மிச்சம் வைத்துப் போனது அந்தச் சூடு ஒன்றுதான், அதில் அவனுக்கும் ஒரு வேலை இருக்கட்டும் என்று நினைத்தாள். நாற்று வெளிறி, நிற்கத் தெம்பில்லாமல், வெளிச்சம் எங்கே என்று தேடிக்கொண்டு கிளம்பியது.

ஏப்ரல் பத்தாம் தேதி குழு கசாக் ஸ்டெப்பிப் புல்வெளியில் குத்தகை எடுத்த நிலத்துக்குப் புறப்படும். பென்சில் தடிமன் இல்லாத நாற்று லாரியில் ஏறாது. நாற்று ஏறாத வீட்டின் நிலத்துண்டு வேறு வீட்டுக்குப் போகும். ஸினாயிதாவுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அவள் துண்டைத் த்ரோஃபிம் தன் மருமகனுக்கு என்று முன்பே பேசி வைத்திருந்தான்.

தினம் காலையில் ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரியால் தன் ஜன்னலில் தொங்குவதை வெட்டிவிட்டு வந்து அவள் கதவை இடிப்பான்.

"அண்ணி, உங்க நாத்து என் ஜன்னல்ல வந்து தொங்குது. மானம் மரியாதை கிடையாதா அதுக்கு?"

"உன் வீட்ல வெளக்கு எரியுது, வந்திருச்சு. எந்த வீடுன்னு அதுக்கென்ன தெரியும்."

"இத ஊசியிலதான் கோக்கலாம். லாரி தாங்காது."

"நீ சொன்னா ஐஸே தாங்கும்டா. லாரி தாங்காதா?"

வெட்டியது சாயங்காலத்துக்குள் மறுபடி தெருவைக் கடந்துவிடும். ஒன்பதாம் நாள் அவள் தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து த்ரோஃபிம் உள்ளே புகுந்தான். ஆறு பெட்டியிலும் நாற்றை நாலு விரல் உயரத்துக்கு மொட்டையடித்து, பனிக்காற்று அடிக்கும் பின்தாழ்வாரத்தில் கொண்டுபோய்ப் போட்டான். கொல்லத்தான் போட்டான், அதை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை. திரும்பி வந்தவள் வாளித் தண்ணீரை அவன் தலையில் கொட்டினாள். அவன் கத்தரியைப் போட்டுவிட்டு ஓடினான்.

பெட்டியை மறுபடி சூட்டுக்குக் கொண்டுபோகக் குனிந்தபோதுதான் பார்த்தாள். மொட்டை நாற்று நின்றுகொண்டிருந்தது. முளைத்த நாளிலிருந்து முதல்முறையாகத் தன் காலில் நின்றது. பிறகு பெட்டியை விட்டுவிட்டு உள்ளே போய்த் திரைச்சீலைகளைக் கழற்றினாள். பெட்டிகளைத் தாழ்வாரத்தில் வெயில் விழும் பக்கம் நகர்த்தினாள், நெருக்கத்தைக் கலைத்தாள், உறைபனி விழும் என்று தோன்றினால் மட்டும் சாக்கால் மூடினாள். காலையில் உள்ளங்கையால் நாற்றின் தலையைத் தடவி ஆட்டிவிட்டாள், காற்றில் ஆடினால் தண்டு உரம் பெறும் என்று. ஓங்கியபோதெல்லாம் த்ரோஃபிமின் கத்தரியாலேயே வெட்டினாள். சுவரோரத்துச் சூடு வேலையில்லாமல் கிடந்தது. முதல் சில நாட்கள் அந்தப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் ஐந்து, கல்லறைக்குப் போகும் நாள். இருவரும் அப்பொல்லோனின் மேட்டில் வோட்கா ஊற்றினார்கள். பத்தாம் தேதி த்ரோஃபிம் பென்சிலோடு வந்தான். நாற்று பென்சிலைவிடத் தடித்திருந்தது. தச்சனின் தடித்த தட்டைப் பென்சிலை வாங்கி வரச்சொல்லி அதையும் வைத்துப் பார்த்தான்.

"நான் வெட்டுனதாலதான் பொழச்சுது. அத மறந்துடாதீங்க அண்ணி."

"கொல்ல வந்தவன் கை தப்புனதுக்குக் கும்பிடு போடணுமா?"

நாற்று ஏறியது. அவளும் ஏறி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாலத்து வழியாகப் போ என்றாள். ஆற்றில் ஐஸ் கரைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பாலத்தை விட்டால் வேறு வழியே கிடையாது. ஆனாலும் சொன்னாள்.

சுவரோரத்துச் சூட்டுத் தரையில் அதற்குப்பிறகு அவள் மிளகாய் மட்டும் காயவைத்தாள். ஒவ்வொரு குளிர்காலத்திலும் த்ரோஃபிம் கத்தரியைத் திருப்பிக் கேட்டு வருவான். கேட்கும்போதே மிளகாயைத் தள்ளிவிட்டு, அண்ணன் இடத்தில் வாத முழங்காலை நீட்டிக்கொள்வான். அவள் தர முடியாது என்பாள், தேநீரும் தரமாட்டாள். வலி விட்டதும் திட்டிக்கொண்டே எழுந்து போவான். கத்தரி இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. தரை முப்பத்தேழு.