கிருத்திகைக்கு வந்த வீடு

ஆடிப் பரணியன்று காலை ஏழரை மணிக்கு, ஜெய்சல்மேர் பக்கத்துப் பாலைவனத்தில் பாழடைந்து கிடந்த கல்வீடு ஒன்று திருத்தணிக்கு வந்து, கோதண்டபாணியின் வீட்டுக் கொல்லையில் முருங்கைமரத்துக்கும் துணி துவைக்கும் கல்லுக்கும் நடுவே நின்றது. கூரை பாதிதான் இருந்தது. வாசற்படியில் ஒரு சாக்கு மணல். வேறு சேதம் இல்லை.

தவறு கோதண்டபாணி மேல்தான். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவர், பதினோரு வருடமாக மார்கழியில் கடையைப் பூட்டிவிட்டுத் தனியாகப் பாலைவனத்துக்குப் போய், ஆள் இல்லாத ஊர்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவார். போன மார்கழியில் இந்த வீட்டு நிழலில் ஒரு மதியம் முழுக்கப் படுத்துக் கிடந்தார். கிளம்பும்போது வாய் சும்மா இருக்காமல், "ஆடிக் கிருத்திகைக்கு அவசியம் எங்க வூட்டுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். திருத்தணிக்காரர்கள் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக்கூட இப்படி அழைப்பார்கள், யாரும் வந்துவிடுவதில்லை. வீட்டுக்கு அது தெரியாது.

வீட்டைப் பார்த்ததும் அவருக்குக் கதி கலங்கியது. காரணம் மனைவி காஞ்சனா. ஊர்சுற்றும் புருஷனோடு இனி ஆகாது, கிருத்திகை முடிந்ததும் மகள் பானுப்ரியாவோடு பள்ளிப்பட்டுத் தாய்வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று சொல்லிப் பெட்டியும் கட்டியிருந்தாள். சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை அவள். அவள் இல்லாத வீட்டில் கோதண்டபாணிக்கு ஒரு நாள்கூட ஓடாது.

காஞ்சனா கொல்லைக்கு வந்து கல்வீட்டை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க கூப்ட்டீங்களா?"

"ஆங்."

"கிருத்திகைக்குன்னு வந்தத நிக்க வெச்சிகினு இன்னா பாத்துகினு கீறீங்க? தள்ளுங்க."

துடைப்பத்தோடு உள்ளே நுழைந்தவள், மணலைப் பெருக்கிக்கொண்டே போய்ப் பின்கதவைத் திறந்தாள். அந்தக் கதவு மட்டும் இன்னும் பாலைவனத்திலேயே இருந்தது. மாலை ஐந்தரைக்கு, வெயிலில் கறுத்து, கொண்டையெல்லாம் மணலாகச் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். ஒட்டகம் ஒன்று அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதாம். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது.

"பதினோரு வருசமா இத ஒண்டியா பாத்துகினு இருந்தீங்களா? என்னயும் இட்டுகினு போவணும்னு ஒரு நாள் தோணல?"

வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று நினைத்ததாக அவர் இழுத்தார்.

"என்னக் கேட்டீங்களா?"

கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது அப்போதுதான் உறைத்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காஞ்சனா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, புடவைகளைத் திரும்பவும் பீரோவில் அடுக்கினாள்.

கிருத்திகை முடிந்தும் வீடு கிளம்பவில்லை. போகச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. நகராட்சி ஆள் வந்து கதவு எண் எழுதிவிட்டுப் போனார். ஐப்பசி அடைமழையில் தெருக்காரர்கள் அந்தப் பின்கதவு வழியாகப் போய்த் துணியும் வடகமும் காயப்போட்டு எடுத்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோதண்டபாணியைத் தேடி யாராவது வந்தால், பானுப்ரியா புத்தகத்திலிருந்து தலை நிமிராமல் சொல்கிறாள்: "அம்மாவும் நைனாவும் பாலைவனத்துக்குப் போய்க்கிறாங்க. ஆறு மணிக்கு மேல வாங்க."